அது வேற ரிக்கார்டு, தம்பி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். பதினைந்து பேர் வந்துவிட்டால் எங்களுக்கு அது மாநாடு. பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகள், தையல்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, அப்புறம் நான். போன வருடம் ஆடிப்பெருக்கு நெருங்கிய சமயம் என்பதால் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொண்டோம். ஆளுக்கு ஐந்து நிமிடம். யார் வேண்டுமானாலும் பேசலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம். இதுதான் ஒப்பந்தம்.

நான்காவதாக எழுந்தவர் ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. எழுபதைத் தாண்டியவர். அதுவரை வட்டத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. வருவார், கடைசி பெஞ்சில் உட்கார்வார், டீ வந்ததும் குடிப்பார், போய்விடுவார். அன்றைக்குச் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த முழுத்தாள்களை எடுத்துப் பிரித்தார். இரண்டு பக்கமும் எழுதியிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆதித்த கரிகாலனைக் கொன்ன நந்தினியை வரலாற்றுல வச்சுப் பார்த்தோம்னா..." என்று ஆரம்பித்தார். கரிகாலன் ராஜராஜ சோழனின் அண்ணன். நாவலில் அவன் சாவோடு பிணைந்தவள் நந்தினி, கிழவரான பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி. நான் குறுக்கே விழுந்தேன். "ஐயா, மன்னிக்கணும். நந்தினி கல்கியோட கற்பனை. வரலாற்றுல அப்படி ஒருத்தி இல்லை. கொன்னவங்க பேரு உடையார்குடிக் கல்வெட்டுல இருக்கு." சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேனா? இல்லை. கல்வெட்டு, செப்பேடு, வரலாற்றாசிரியர்கள் நீலகண்ட சாஸ்திரி, சதாசிவப் பண்டாரத்தார் என்று ஐந்து நிமிடம் முழங்கினேன். அவருடைய ஐந்து நிமிடம் அது.

"அப்படிங்களா" என்றார். தாள்களை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்தவர் எழுந்தார். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் கவனித்தேன், டீ குடிக்காமலே கிளம்பிவிட்டிருந்தார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

நான் சொன்னதில் தவறே கிடையாது. அதுதான் என்னை அரித்தது. தவறாகச் சொல்லியிருந்தால் போய் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். சரியாகச் சொன்னதற்கு என்னவென்று மன்னிப்புக் கேட்பது?

இந்தத் திருத்தும் வியாதி எனக்குப் புதிதல்ல. எங்கள் ஆயா கல்கி இதழில் தொடர் வந்த காலத்தில், 1950-லிருந்து 54 வரைக்கும், வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைத்திருந்தவர். ஓவியர் மணியம் வரைந்த படம், பக்கவாட்டில் டானிக் விளம்பரம், சில இடங்களில் எண்ணெய்க் கறை. நான் எட்டாவது படிக்கும்போது எங்கேயோ வாசித்துவிட்டு அவரிடம் போய், "ஆயா, நந்தினின்னு யாருமே இல்லையாம், சும்மா கதையாம்" என்றேன். ஆயா புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "இல்லேன்னா போ. அப்ப பெரிய பழுவேட்டரையரு யாரைக் கட்டிக்கிட்டாராம்?" என்றார். பழுவேட்டரையர்கள் நிஜம், பழுவூரில் அவர்கள் காலத்துக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன, ஆகவே பெண்டாட்டியும் நிஜம். இந்தக் கணக்கை மறுக்க எனக்கு அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் முழுதாக வருவதில்லை.

படம் வந்த 2022, 2023-இல் இந்த வியாதி முற்றிவிட்டது. குடும்ப வாட்ஸப், அலுவலகச் சாப்பாட்டு மேசை, சலூன் என எங்கும் யாராவது ஒருவர் கரிகாலன் கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், நான் போய்த் திருத்திக்கொண்டிருப்பேன். கடம்பூர் மாளிகையா? கல்வெட்டில் கடம்பூரே இல்லை. ரவிதாசன் மந்திரவாதியா? கல்வெட்டில் அவன் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம் பெற்ற அதிகாரி. ஊமைராணியா? அட, போங்க சார். ஒருமுறை சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "சார், உங்களுக்குக் கதை பிடிக்கலையா?" என்று கேட்டார். ஐந்து பாகத்தையும் நான்கு தடவை படித்தவன் நான்.

ஒரே மன்னன், பல பேர்

எங்கள் வட்டத்தில் இந்த நாவலைப் படித்தவர்களைப் பார்த்தால், எல்லோரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்களா என்று சந்தேகம் வரும். ஒரு தம்பி கம்பெனிகளில் பயிற்சி வகுப்பு எடுப்பவர். அவருக்குப் பொன்னியின் செல்வன் தலைமைப் பண்பு பற்றிய கையேடு. அருள்மொழி, பின்னாளில் ராஜராஜன் ஆனவன், கையில் கிடைத்த மகுடத்தை எடுத்துச் சித்தப்பன் தலையில் வைக்கிறானே, அந்தக் கட்டத்தை மட்டும் வைத்து அரைநாள் வகுப்பு நடத்துவாராம். ஐந்தாம் பாகத்துக்குத் தியாக சிகரம் என்று பெயர் வைத்துக் கல்கியே அவருக்கு ஸ்லைடு போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்த வகுப்பின் மேல் பெரிய மரியாதை இல்லை. ராஜராஜனின் குணம் தெரியவேண்டுமானால் நான் நாவலுக்குப் போகமாட்டேன், பெரிய கோயில் சுவருக்குப் போவேன். கோயிலுக்கு வந்த கொடைகளையெல்லாம் கல்லில் வெட்டச் சொல்லும்போது, நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் என்று வரிசை போடுகிறான். தனக்கு அடுத்த இடம் அக்கா குந்தவைக்கு. கடைசியில், பெயர் தெரியாத மற்றவர்களுக்கும் அதே கல்லில் இடம். விளக்கேற்றக் கால்நடை கொடுத்தவர்களும், கோயிலில் ஆட அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் அந்தச் சுவரில் இருக்கிறார்கள், அந்தப் பெண்டுகள் தெரு, வீடு அடையாளத்தோடு. மகுடத்தை விட்டுக் கொடுத்ததைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. சொன்னால் அந்தத் தம்பி, "அது அட்மினிஸ்ட்ரேஷன் அண்ணா, லீடர்ஷிப் வேற" என்கிறார். சரி.

மதம் பற்றிய சண்டையை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. 2022-இல் ராஜராஜன் இந்துவா இல்லையா என்று நாடு முழுக்க நடந்த கச்சேரி எங்கள் வட்டத்திலும் ஒருநாள் நடந்தது. இரண்டு பேர் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு, ஒரு பௌத்தப் பள்ளிக்கு, அவன் ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்த செப்பேடு நெதர்லாந்தின் லைடன் நகரில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொன்னதை இருவருமே தத்தம் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். தையல்கடை அக்காதான் அன்றைக்கு உருப்படியாக ஒன்று சொன்னார். "கதையில அந்த வைணவன் ஆழ்வார்க்கடியான் சைவங்ககிட்ட சண்டைக்குப் போற இடமெல்லாம் எனக்குச் சிரிப்பா இருக்கும். இப்ப நீங்க போடறதைப் பார்த்தா சிரிப்பு வரல." அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை.

இவர்கள் எல்லோரையும் பேசவிட்டேன். அந்தப் பெரியவரை மட்டும் விடவில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் அசிங்கமாக இருக்கிறது. பயிற்சி வகுப்புத் தம்பியும், சண்டை போட்ட இருவரும் திருப்பி அடிப்பார்கள். இவர் அடிக்கமாட்டார் என்று பார்த்ததும் தெரிந்தது.

உடையார்குடிச் சுவர்

கார்த்திகை மாதம் ஒருநாள் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "ஐயா, காட்டுமன்னார்கோயில் போகலாம்னு இருக்கேன், அந்தக் கல்வெட்டைப் பார்க்க. வரீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அப்படி ஒரு திட்டமே அந்த நிமிடம் வரை கிடையாது. அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "புதன்கிழமை வேணாம். வியாழன்னா வரேன்" என்றார்.

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறைவுதான். வீரநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிற, வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர். உடையார்குடி அதை ஒட்டியே இருக்கிறது. அங்கே அனந்தீசுவரர் கோயில். சிறிய கோயில், காலைப் பூசை முடிந்து ஆள் அரவமில்லை. கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றிக் கல்வெட்டுகள். நான் பெரிய ஆள் மாதிரி அவரை அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினேன். அவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "எங்க இருக்கு பேரு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த எழுத்தை வாசிக்க எனக்கு வராது. ஊருக்கெல்லாம் கல்வெட்டைச் சான்று காட்டிக்கொண்டிருந்தவனுக்கு, அந்தக் கல்வெட்டின் முன்னால் நின்றபோது எந்த வரி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பையில் ஜெராக்ஸ் இருந்தது, அச்சிட்ட வாசகம். அதை எடுத்தேன். அவர் மண்டபத் திண்ணையில் உட்கார்ந்து, "படிங்க" என்றார்.

படித்தேன். ராஜகேசரிவர்மரின் இரண்டாம் ஆட்சியாண்டு. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985, ஆகவே 986, 87 என்று வைத்துக்கொள்ளலாம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் அனுப்பிய ஸ்ரீமுகம், அதாவது உத்தரவு ஓலை. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன்... இந்த இடத்தில் குரலை உயர்த்தி நிறுத்தினேன். எப்போதும் நிறுத்துகிற இடம் அது. "பார்த்தீங்களா ஐயா, கொலைகாரங்க பேரு."

"நிறுத்தாதீங்க. மேல படிங்க."

மேலே என்ன இருக்கிறது என்று உண்மையில் நான் கவனித்துப் படித்ததேயில்லை. கொலை வரைக்கும்தான் என் படிப்பு. அதற்குப் பிறகு வருவதெல்லாம் எனக்கு வழவழவென்ற நிலக்கணக்கு. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பத்திர ஆபீசில் எழுத்தர் வாசிக்க வாசிக்கத் தலையாட்டுவார்களே, அந்த மாதிரி. இவர்களின் தம்பிமார், மக்கள், மனைவிமார், இவர்களுடைய மக்களுக்குப் பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், இவர்களின் உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், இவர்கள் பெற்ற பெண்களைக் கட்டியவர்கள் என்று நீண்டது பட்டியல். "திரும்பப் படிங்க" என்றார். திரும்பப் படித்தேன். "சம்பந்தி வீடு வரைக்கும் போயிருக்காங்க" என்றார். அப்புறம் அவர்கள் சொத்தை விற்கச் சொல்லும் உத்தரவு, அதற்கு மேற்பார்வை. அப்படி வந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் பொன் கொடுத்து வாங்கி, பிராமணர்கள் உண்பதற்கு அறமாக வைத்தது. முடிந்தது.

அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "தம்பி, இது கொலைக் கேஸே இல்லையே" என்றார். "இது கிரயம். நிலம் எப்படிக் கைக்கு வந்ததுன்னு மூலத்தைச் சொல்லி, அதுக்கு மேல தர்மத்தை எழுதியிருக்காங்க. நாளைக்கு எவனாவது வந்து இது எங்க பாட்டன் நிலம்னு நின்னா, இல்லப்பா, இது துரோகி நிலம், ராஜா உத்தரவுல வித்தது, வில்லங்கம் இல்லன்னு காட்டணும். அதுக்குத்தான் கொலையைச் சொல்றாங்க. பேரைக் கல்லுல வெட்டினது அவங்களைத் திட்டறதுக்கு இல்ல, தாய்ப் பத்திரம் மாதிரி."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்றெல்லாம் எழுதமாட்டேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இவர் நாவலை வரலாறாகப் படிக்கிறார் என்று நான் ஊரறியத் திருத்தினேன். கல்வெட்டை நான் இத்தனை வருடமாகத் துப்பறியும் கதையாகப் படித்துக்கொண்டிருந்தேன், கொலையாளி பெயர் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிற வாசகன் மாதிரி. அந்தச் சுவர் எதற்காக வெட்டப்பட்டதோ அதை முதல் வாசிப்பிலேயே பிடித்தவர் அவர். அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் கர்ணம், ஊர்க் கணக்குப்பிள்ளை. 1980-இல் பரம்பரைக் கர்ணம் முறையை ஒழித்த பிறகு இவர் பரீட்சை எழுதி வி.ஏ.ஓ. ஆனவர். அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு என்று நிலக் கணக்குகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

சரி, விடக்கூடாது என்று எனக்கு ஓர் ஆசை. என்னிடம் இருந்த துருப்பை எடுத்தேன். "ஐயா, கொலை நடந்தது 969 வாக்கில. இந்த உத்தரவு வர்றது ராஜராஜன் வந்து ரெண்டாவது வருஷம். நடுவுல அந்தச் சித்தப்பன் உத்தம சோழன் ஆட்சி, பதினஞ்சு வருஷத்துக்கு மேல. ஏன் அவ்வளவு நாள் ஒண்ணும் நடக்கலை?" இந்தக் கேள்வியில்தான் அறிஞர்களே இரண்டு பட்டு நிற்கிறார்கள் என்று சொல்லவில்லை. என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று இருந்தேன். கொஞ்சம் அற்பத்தனம்தான்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஒரு ஃபைல் பதினஞ்சு வருஷம் நகரலைன்னா ரெண்டு காரணம்தான். ஒண்ணு, மேல உக்காந்திருக்கிறவன் நகர விடலை. அவனுக்கு அதுல சம்பந்தம் இருக்கும், இல்ல சம்பந்தப்பட்டவன் அவனுக்கு வேண்டியவனா இருப்பான். ரெண்டாவது, ஃபைல் நகர்ந்துதான் இருக்கும். பெரிய சங்கதியெல்லாம் முன்னாடியே முடிஞ்சிருக்கும். கடைசியா மிச்சம் மீதி நிலத்தைப் பைசல் பண்ணும்போது எழுதின காகிதம் மட்டும் நமக்குக் கிடைச்சிருக்கும். நாம அதைப் பார்த்துட்டு இப்பத்தான் ஆரம்பிச்சாங்கன்னு நினைக்கிறோம்." கொஞ்சம் யோசித்து, "ஜமாபந்தியில இந்த ரெண்டும் பார்த்திருக்கேன்" என்றார்.

நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகத்தை வைத்தார். கொலையில் அவனுக்குப் பங்கிருந்தால் மக்களும் ராஜராஜனும் அவனை ஏற்றிருப்பார்களா என்று கேட்டுச் சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் இந்த இரண்டு கரைக்கும் நடுவில்தான் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். இவர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கரையையும் காட்டிவிட்டார், எந்தக் கரையிலும் ஏறவில்லை. "எது சரின்னு நினைக்கிறீங்க?" என்றேன். "நடுவுல இருக்கிற காகிதம் இல்லையே தம்பி. இல்லாத காகிதத்துக்கு நான் எப்படி ரிப்போர்ட் எழுதறது?"

திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பற்றியும் சொன்னேன். கரிகாலன் மறைந்ததும் மக்கள் வந்து அருள்மொழியை ஆளச் சொன்னார்கள், அவனோ தன் சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை மனதாலும் அரசை விரும்பவில்லை என்று அதில் வருவதைச் சொன்னேன். தியாக சிகரத்தின் விதையே அதுதான். "அதை எழுதினது யாரு?" என்றார். ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடு, ராஜராஜனின் மகன். "மகன் எழுதி வச்சது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "அப்பாவைப் பத்தி மகன் எழுதறதைத் தள்ளவும் கூடாது, அப்படியே ஏத்துக்கவும் கூடாது. பத்திரத்தைக் கையில வாங்கினா எழுதிக் கொடுத்தவன் யாருன்னுதான் முதல்ல பார்க்கணும்." பயிற்சி வகுப்புத் தம்பியின் அரைநாள் வகுப்புக்கு இவரை அனுப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

கிளம்பும்போது எனக்கு அடக்க முடியவில்லை. "அப்ப நந்தினி?" என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "அது வேற ரிக்கார்டு, தம்பி."

நான்காக மடித்த தாள்

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர். வெளியே வயல்களில் தண்ணீர் நின்றது. அந்தத் தாளைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டாராம். "பெரிசா ஒண்ணுமில்ல" என்றார். நான் விடவில்லை.

"நான் நந்தினியைப் பத்திப் பேச வரலை. அவ பேரைச் சொல்லி ஆரம்பிச்சேன், அவ்வளவுதான். பெரிய பழுவேட்டரையரைப் பத்தித்தான் எழுதியிருந்தேன்."

அவருக்குக் கல்யாணமான மறு வருடம் அவருடைய அப்பா இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டாராம். அப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. வந்தவருக்கு முப்பதுகூட இல்லை. கர்ணம் என்பதால் நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் படித்தவர்கள் நாலு பேர் அந்த வீட்டுக்கு மூடுபல்லக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லோரும் அந்தக் கதையைப் படித்தவர்கள்தானே. டீக்கடையில் இவர் போய் உட்கார்ந்தால், "பழுவூர் இளவரசர் வந்துட்டாரு" என்பார்களாம். இவர் அப்பாவோடு பேச்சை நிறுத்தினார். ஐந்து வருடம். அதே தெருவில், நான்கு வீடு தள்ளி.

"நான் அதுவரைக்கும் அந்தக் கதையைப் படிச்சதில்ல. ஊரே கேலி பண்ணுதே, அப்படி என்னதான் எழுதியிருக்குன்னு பார்க்கத்தான் எடுத்தேன். கோபத்துலதான் எடுத்தேன். படிக்கப் படிக்க அந்தக் கிழவரைப் பார்த்தா சிரிப்பு வரல எனக்கு. அறுபத்து நாலு காயம் வாங்கின ஆளு. சபையில அவரைப் பார்த்து எல்லாரும் பயப்படறான், முதுகுக்குப் பின்னால சிரிக்கிறான். அது அவருக்கே தெரியுது. தெரிஞ்சும் விட முடியல. கடைசியில எல்லாப் பழியையும் தன் மேல போட்டுக்கிட்டுப் போறாரு பாருங்க, அதைப் படிச்சுட்டு ராத்திரி பதினோரு மணி இருக்கும், எழுந்து அப்பா வீட்டுக்குப் போனேன். கதவைச் சின்னம்மாதான் திறந்தாங்க. சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்டக்டர் வந்து, நாங்கள் ஏற்கெனவே வாங்கிய டிக்கெட்டை மறுபடி கேட்டுவிட்டுப் போனார்.

நான் குறுக்கே விழுந்த வாக்கியம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். 'நந்தினியை வரலாற்றுல வச்சுப் பார்த்தோம்னா' என்றுதானே ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை 'அவ இல்லதான்' என்றுகூட இருந்திருக்கலாம். கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டு என்ன செய்யப்போகிறேன்? வட்டத்தில் பதினைந்து பேர் கேட்டிருக்கவேண்டிய பேச்சு அது. பயிற்சி வகுப்புத் தம்பி கேட்டிருந்தால் மகுடத்தை விட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு சில விஷயங்களும் அந்த ஐந்து பாகத்தில் இருப்பது தெரிந்திருக்கும். எனக்கும்தான். நான்கு தடவை படித்தபோதும் பெரிய பழுவேட்டரையர் வரும் அத்தியாயங்களில் எது செப்பேட்டில் இருக்கிறது, எது இல்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தவன் நான். ஆயா கேட்ட கேள்வியும் அவரைப் பற்றித்தான், யாரைக் கட்டிக்கிட்டாராம் என்று. அதை நான் முப்பது வருடமாக நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் வேறெங்கோ போய்விட்டிருந்தார். "அந்தப் பட்டியல்ல, பொண்ணைக் கொடுத்த மாமன்மார்னு வருதே," என்றார் திடீரென்று. "அந்த ஆளு என்ன பண்ணியிருப்பான்? கொலையில அவனுக்கு என்ன சம்பந்தம்? நல்ல இடம், பிரமாதிராஜன் வீடு, ராஜா கொடுத்த பட்டம்னு நம்பிப் பொண்ணைக் கொடுத்திருப்பான். சபையில ஓலையை வாசிக்கும்போது அவனும் அங்கதான் உக்காந்திருப்பான். ஊர்ச் சபைதானே." விரலால் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தார். "பொண்ணு அன்னைக்கே பொறந்த வீட்டுக்கு வந்திருக்குமா? வந்தாலும் அந்த வீடும் போச்சே. எழுதினா அதை எழுதணும்."

"நீங்களே எழுதுங்களேன் ஐயா."

"எனக்கு அடங்கல் எழுதத்தான் வரும்."

சிதம்பரம் மேலவீதி தாண்டியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது திரும்பி, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நூலகத்துல ஐந்தாம் பாகம் ஆடி மாசத்துலேர்ந்து இல்ல. நூலகர் அம்மாவைக் கேட்டா வட்டத்து ஆளு யாரோ எடுத்துட்டுப் போனாங்கன்னாங்க. ஏழாவது தடவையா நாலு பாகம் முடிச்சுட்டு உக்காந்திருக்கேன். உங்ககிட்ட இருக்கா?"

என்னிடம்தான் இருந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தயாரிப்பதற்காக எடுத்தது, நாலு மாதமாகத் திருப்பவில்லை. மேசையில், கரிகாலன் கொலைக்குப் பிறகு வரும் பக்கங்களில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பென்சில் குறிகளை முந்தின ராத்திரி உட்கார்ந்து ரப்பரால் அழித்திருந்தேன். எல்லாம் போகவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் மங்கலாகத் தெரிந்த என் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல 'ஆதாரம் இல்லை'ன்னு எழுதியிருக்கு. யாரோ வி.ஏ.ஓ. போல" என்றார்.